பழைய வண்டிகளின் சக்கரங்களில் அடிக்கடி காற்றிறங்குதல்: காரணமும் பரிகாரமும்

ஒரு சக்கரத்தில் ஒரு முறை காற்றிறங்கினால் பழியை முள்ளின்மேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடலாம். ஒரே சக்கரம் ஒரு மாதத்துக்குள் மூன்று முறை, நான்கு முறை காற்றிறங்குமானால், குற்றம் பாதையில் கிடக்கும் முள்ளினுடையதன்று. சக்கரத்துக்குள்ளேயே குடியிருக்கும் வேறொரு பொருளினுடையது. பஞ்சர் கடைக்காரர் டியூபிலுள்ள துவாரத்தை அடைத்துக் கொடுக்கிறார். துவாரத்தை உண்டாக்கியது எது என்று தேடுவதற்கு அவருக்குப் பெரும்பாலும் நேரமிருப்பதில்லை. வண்டிக்குடையவரும் அதைக் கேட்பதில்லை. ஒட்டின்மேல் ஒட்டாகப் போட்டு, பின்பு புது டியூபும் வாங்கி, அதுவும் பத்தாம் நாள் இளைத்துப்போனபின், "டயரில் ராசியில்லை" என்று சொல்லி வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிடுபவர்கள் உண்டு.

இக்கட்டுரை அவ்வாறு நிறுத்தப்பட்ட வண்டிகளைப் பற்றியது. புதுவை நகரின் வடபால் உள்ள லாஸ்பேட்டை, பிரெஞ்சுக் கவர்னராயிருந்த லா துரையின் பெயரால் வழங்குவதென்பர். இன்று அது வீடுகளும் கல்லூரிகளும் விமானத் தளமும் நிறைந்த நகர்ப்பகுதி. ஆயினும் அங்கே குடியிருந்துகொண்டு, வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு ஆகிய கொம்யூன்களில் நிலம் வைத்துச் சாகுபடி செய்வோர்க்கு வண்டி கால்நாள் தார்ச்சாலையிலும் முக்கால்நாள் வரப்போரத்திலும் ஓடவேண்டியிருக்கிறது. 30, 40 ஆண்டு உழைத்த டிராக்டர், அதற்கும் மூத்த ஜீப்பு, பழைய மோட்டார் அச்சில் பூட்டிய டயர் மாட்டுவண்டி ஆகிய இவற்றுக்கே இத்தொல்லை மிகுதி. அறுவடை நாளில் ஆட்கள் களத்தில் காத்திருக்க, நெல் ஏற்றிய டிரெய்லர் பாதிவழியில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்குமானால், அன்றைய நஷ்டம் ஒரு புது டியூபின் விலையோடு நின்றுவிடாது.

காற்றடைத்த டயர் தோன்றிய நாள்தொட்டு இவ்வருத்தமும் உடன் தோன்றியதே. 1888-ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியரான ஜான் பாய்டு டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காக அதனைச் செய்தார். 1895-இல் பிரெஞ்சு தேசத்து மிஷலின் சகோதரர்கள் அதை மோட்டார் வண்டியில் மாட்டி, பாரீசிலிருந்து போர்தோ சென்று திரும்பும் ஓட்டப் பந்தயத்தில் தாங்களே ஓட்டிச் சென்றனர். வழியெல்லாம் சக்கரம் காற்றிறங்கிக்கொண்டே வந்தது. குறித்த 100 மணி நேரத்துக்குள் அவர்களால் முடிக்க இயலவில்லை. ஆயினும் காற்றின்மீது மோட்டார் வண்டி ஓடும் என்பது அன்று நிரூபணமாயிற்று. உழவு டிராக்டர்கள் அதற்குப் பின்னும் நெடுங்காலம் இரும்புச் சக்கரத்திலேயே ஓடின. 1932-இல்தான் அமெரிக்காவின் அலிஸ்-சால்மர்ஸ் கம்பெனியார் தங்கள் டிராக்டருக்குக் காற்று டயர் மாட்டி விற்கத் தொடங்கினர்.

துவாரமே சாட்சி

சக்கரத்தைக் கழற்றியதும் செய்யவேண்டிய முதல் வேலை டியூபை உருவி எடுப்பதன்று. வால்வு நிற்கும் இடத்துக்கு நேராக, டயரிலும் ரிம்மிலும் சீமைச்சுண்ணாம்பால் ஒரு கோடு இழுக்கவேண்டும். வண்டியின் வெளிப்பக்கம் எது, உட்பக்கம் எது என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும். இவ்விரண்டு குறிகளும் இல்லாவிட்டால் பின்னர் செய்யும் ஆராய்ச்சி யாவும் குருடன் கைவிளக்காகும். டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தை அடையாளமிட்டு, டியூபைத் துடைத்து, குறித்த கோட்டுக்கு நேராக டயரின்மேல் பழையபடி வைத்துப் பார்த்தால், துவாரம் டயரில் எவ்விடத்துக்கு எதிரே இருந்ததென்பது விரற்கடை பிசகாமல் தெரிந்துவிடும்.

துவாரம் தரையை நோக்கிய பக்கத்தில் ஊசி குத்தியதுபோல் இருந்தால், முள்ளோ ஆணியோ டயர் வழியாக வந்தது. ரிம்மை நோக்கிய உட்பக்கத்தில் இருந்தால், எத்தனை முள் பொறுக்கினாலும் பயனில்லை. கெடுதல் இரும்பில் இருக்கிறது. ஒன்றுக்கொன்று அருகே இரண்டு கீறல்கள், பாம்பு கடித்த பல்தடம்போல் காணப்பட்டால், டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. காற்றுக் குறைவாக வைத்து மேடு பள்ளத்தில் ஏற்றியதாலோ, மாட்டும்போது லீவரின் நுனி கடித்ததாலோ இது நேரும். வால்வின் அடியில் டியூப் கிழிந்திருந்தால், டயர் ரிம்மின்மேல் வழுக்கித் திரும்பியிருக்கிறது. ஒரே இடமென்றில்லாமல் மேனியெங்கும் மெல்லிய தேய்வும் நுண்ணிய துளிகளும் காணப்பட்டால், டயரின் உள்நூல் அறுந்திருக்கிறது, அல்லது டியூபின் அளவு பொருந்தவில்லை.

ஒரே சக்கரத்தில் இரண்டாம் முறை விழுந்த துவாரம், முதலாவது ஒட்டுக்குச் சமீபத்திலேயே இருக்குமாயின் வேறு விசாரணை வேண்டியதில்லை. அங்கே ஏதோ ஒன்று இன்னும் இருக்கிறது.

முள்

வேலிக்காத்தான் என்றும் சீமைக்கருவேல் என்றும் சொல்லப்படும் மரம் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. 1870-களில் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. இன்று ஏரிக்கரையிலும் தரிசிலும் அது இல்லாத ஊர் அரிது. அதன் முள் டயரில் ஏறியதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் ஒடிந்துபோகிறது. நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கிவிடுகிறது. வெளியே பார்த்தால் ஒரு கரும்புள்ளிதான் தெரியும். அதுவும் சேறு பட்டால் மறைந்துவிடும். சக்கரம் ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் அந்நுனி சிறிது சிறிதாக உள்ளே நகர்ந்து, மூன்றாம் நாளோ ஒரு வாரம் கழித்தோ டியூபை எட்டுகிறது. ஆகவேதான், நல்ல தார்ச்சாலையில் போய்க்கொண்டிருக்கையில் காற்றிறங்கிற்றே என்று ஆச்சரியப்படுகிறோம்.

இதனைக் கண்டுபிடிக்கக் கையால் டயரின் உட்புறத்தைத் தடவுவது தவறு. விரல் கிழியும், முள்ளும் தட்டுப்படாமற் போகலாம். ஒரு பழைய பருத்தித் துணியைச் சுருட்டி, டயரின் உட்புறம் முழுவதும் இருதிசையிலும் மெதுவாய்த் தேய்த்துவந்தால், நூல் எங்கே மாட்டிக்கொள்கிறதோ அங்கே முள் இருக்கிறது. அதைக் குறட்டினால் பிடுங்கவேண்டுமேயன்றி உள்ளிருந்து குத்தி வெளியே தள்ள முயலக்கூடாது. பாதி மீண்டும் உள்ளேயே தங்கும். மாட்டு லாடத்தின் ஆணியும் இவ்வாறே சிக்கும். கரும்பு வெட்டிய வயலில் டிராக்டரை ஓட்டுவோர், சாய்வாக வெட்டுண்டு நிற்கும் கட்டைகளால் டயரின் பக்கச்சுவர் கீறப்படுவதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். பக்கச்சுவரில் நூல் தெரியுமளவுக்கு வெட்டு விழுந்த டயரை உள்ளே துண்டு ரப்பர் வைத்து ஓட்டுவது பழக்கமாய் இருக்கிறது. வயலுக்குள் மெல்ல நகரும் மாட்டுவண்டிக்கு அது சில நாள் தாங்கலாம். சாலையில் விரைந்தோடும் ஜீப்பின் முன்சக்கரத்துக்கு அது ஆகவே ஆகாது.

துரு

லாஸ்பேட்டை கடலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. உப்புக் காற்று வண்டியின் வெளிப்புறத்தை அரிப்பதை யாவரும் காண்கிறோம். டயர் மூடியிருக்கும் ரிம்மின் நடுப்பாகம் அரிக்கப்படுவதை ஒருவரும் காண்பதில்லை. வால்வுத் துவாரத்தின் வழியாயும், விளிம்பின் இடுக்கின் வழியாயும் ஈரம் புகுந்து, இரும்பு செதில் செதிலாய் எழும்புகிறது. ஒவ்வொரு செதிலும் உப்புத்தாளைப்போல் டியூபை இரவும் பகலும் அராவுகிறது. பல ஆண்டு நின்ற பழைய வண்டியில் திரும்பத் திரும்பக் காற்றிறங்குவதற்கு எம் அபிப்பிராயத்தில் முதற் காரணம் இதுவே. முள்ளுக்கு இரண்டாம் இடந்தான்.

பரிகாரம் அரைநாள் வேலை. டயரை முழுவதும் கழற்றி, ரிம்மைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை சுரண்டவேண்டும். பற்றவைத்த இடங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை அரத்தால் மட்டமாக்கவேண்டும். பின்பு ரெட் ஆக்சைடு ஒரு பூச்சும், அதன்மேல் எனாமல் ஒரு பூச்சும் கொடுத்து நன்றாக உலரவிடவேண்டும். அரைகுறையாய் உலர்ந்த வர்ணத்தின்மேல் டியூபை வைத்தால் அது ஒட்டிக்கொண்டு அடுத்த முறை கழற்றும்போது கிழியும். லாரி ரிம்முக்கும் கம்பிக்கால் உள்ள சக்கரத்துக்கும் நடுவே போடும் ரப்பர் வார் காய்ந்து வெடித்திருந்தால் புதிது போடவேண்டும். ரிம்மின் இரும்பு துரு தின்று ஓட்டை விழுந்திருந்தாலும், விளிம்பு மெலிந்திருந்தாலும் வர்ணத்தால் ஆவதொன்றுமில்லை. அந்த ரிம்மைக் காயலான் கடைக்கு அனுப்பவேண்டியதே.

டிராக்டரின் பின்சக்கரங்களில் பாரத்துக்காகத் தண்ணீர் நிரப்பும் வழக்கமுள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். குளிர்தேசத்தார் அத்தண்ணீரில் கால்சியம் குளோரைடு என்னும் உப்பைக் கரைக்கிறார்கள். பனியில் நீர் உறையாதிருப்பதே அதன் முக்கிய நோக்கம். நம் நாட்டில் அந்தப் பயமில்லை. அவ்வுப்புக் கசிந்து ரிம்மைத் தின்றுவிடுமாதலால், புத்தகத்தில் கண்டபடியே இங்கும் செய்யவேண்டுமென்ற அவசியமில்லை. உப்பில்லாத நல்ல தண்ணீரே போதும். நீர் நிரப்பிய பின்சக்கரம் ஒன்றில் நூறு லிட்டருக்கு மேலும் இருக்கலாம். அதை வடிக்காமல் கழற்ற முயல்பவர் தம் காலைக் காத்துக்கொள்ளவேண்டும்.

காற்றின் அளவு

கட்டைவிரலால் அழுத்தியும், சக்கரத்தை உதைத்தும் காற்றின் அளவை மதிப்பிடுவது நம்மவரிடம் வெகுநாளாய் ஊறிய பழக்கம். பழைய டயர்களின் பக்கச்சுவர் தடித்தது. பாதிக் காற்று இறங்கியும் அது நிமிர்ந்தே நிற்கும். டிராக்டரின் பின்சக்கரத்துக்குச் சாதாரணமாகச் சதுர அங்குலத்துக்கு 12 முதல் 20 பவுண்டு வரையிலும், முன்சக்கரத்துக்கு 25 முதல் 35 பவுண்டு வரையிலும் காற்று வேண்டும். திட்டமான அளவு வண்டியின் கைப்புத்தகத்தில் இருக்கும்; அதையே கொள்ளவேண்டும். சக்கரம் வெயிலில் ஓடிச் சூடேறியபின் அளந்தால் கணக்கு அதிகமாய்க் காட்டும். காலையில் வண்டியை எடுக்குமுன் அளப்பதே சரி. அளவுமானி ஒன்றின் விலை இரண்டு மூன்று ஒட்டுக்களின் கூலியில் அடங்கிவிடும்.

காற்றுக் குறைந்தால் டயர் ரிம்மின்மேல் இடம் நகரும். டிரெய்லரை இழுக்கும்போது ரிம் சுழல, டயர் பின்தங்குகிறது. டியூப் டயரோடு போகிறது. வால்வு மட்டும் ரிம்மின் துவாரத்தில் அகப்பட்டு நிற்கிறது. முடிவில் வால்வின் அடி கிழிகிறது. இக்கிழிசலுக்கு ஒட்டு நிற்காது. ரிம்மிலிருந்து டயர்வரை வெள்ளை வர்ணத்தால் ஒரே கோடாக இழுத்துவைத்தால், கோடு இரண்டாகப் பிரிந்து விலகும்போதே எச்சரிக்கை கிடைத்துவிடும். வால்வு நேராக நில்லாமல் சாய்ந்து நிற்பதும் அதே அடையாளம்.

இப்போது பல கடைகளில் நைட்ரஜன் வாயு நிரப்புகிறார்கள். பெரிய விமானங்களின் சக்கரங்களுக்கு அது தக்க காரணத்தோடு வேண்டியிருக்கிறது. இறங்கும்போது பிரேக்கின் உக்கிரமான சூட்டில் பிராணவாயு இருந்தால் தீப்பற்றும் அபாயமுண்டு. நெல் வண்டிக்கு அத்தகைய சூடில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 பங்கு நைட்ரஜன் இருக்கிறது. எஞ்சியதற்குக் காசு கொடுப்பது அவரவர் பிரியம்.

டியூபும் டயரும்

டியூபின் அளவு டயரின் அளவோடு ஒத்திருக்கவேண்டும். பெரிய டியூப் உள்ளே மடிந்து, மடிப்பில் அறுந்துபோகும். சிறியது விரிந்து மெலிந்துபோகும். ரேடியல் டயருக்கு அதற்கென்றே செய்த டியூப் வேண்டும். பழைய குறுக்குநூல் டயரின் டியூபைப் போட்டால் பக்கச்சுவரின் அசைவில் சீக்கிரம் தேய்ந்துவிடும். டியூபில்லாத டயரைப் பழைய ரிம்மில் டியூப் வைத்து ஓட்டுவோர், டயரின் உட்புறம் ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டைக் கூட உரித்தெடுக்கவேண்டும். அற்பமான சீட்டுத்தானே என்று விடக்கூடாது. அதன் ஓரம் டியூபை அராவும்.

துவாரமே இல்லாமல் நாள்தோறும் இளைக்கும் சக்கரமும் உண்டு. வால்வின் வாயில் எச்சிலையோ சோப்பு நீரையோ தடவினால் குமிழி எழும்பலாம். உள்ளிருக்கும் வால்வு ஊசியை மாற்றினால் தீர்ந்தது. அங்கும் கசிவில்லையெனில், டியூப் இயற்கை ரப்பரால் ஆனதா என்று பார்க்கவேண்டும். அதன் வழியே காற்று வெகு நுட்பமாய் ஊடுருவிப்போகும். 1940-களில் வழக்கத்துக்கு வந்த பியூட்டைல் ரப்பர் டியூப்கள் காற்றைப் பன்மடங்கு காக்கும்.

டயரின் வயதை அதன் பக்கச்சுவரிலேயே படிக்கலாம். 2000-ஆம் ஆண்டுக்குப் பின் செய்த டயர்களில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மூன்று இலக்கமே இருந்தால் அது அதற்கும் முந்தியது. பட்டை எவ்வளவு ஆழமாயிருந்தாலும் அதை மாற்றிவிடவேண்டும். பழைய வண்டியின் டயர் ஓடித் தேய்வதைவிட, நின்று காய்ந்தே அதிகம் கெடுகிறது. பருவமில்லாத மாதங்களில் அச்சின் கீழ் மரக்கட்டை கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவைப்பதும், வெயில் படாமல் சாக்குப் போர்த்துவதும் நலம்.

மாட்டும்போது பலத்தைக் காட்டக்கூடாது. டயரின் ஒரு பக்க விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கியிருந்தால் எதிர்ப்பக்க விளிம்பு அநேகமாய்க் கையாலேயே ஏறும். லீவரை இருவர் சேர்ந்து நெம்பவேண்டியிருக்கிறதென்றால் விளிம்பு பள்ளத்தில் இறங்கவில்லை என்பதே பொருள். வழுக்குவதற்குச் சோப்பு நீரையே தடவவேண்டும். எண்ணெயும் கிரீசும் ரப்பரை ஊதச் செய்து கெடுக்கும். டியூபின்மேல் மாக்கற்பொடி தூவி, காற்றடித்து, முழுவதும் வெளியேவிட்டு, மறுபடி அடிக்கவேண்டும். இவ்வாறு செய்தால் உள்ளே மடிந்திருந்த டியூப் தானே நிமிர்ந்துகொள்ளும். இந்த ஐந்து நிமிஷ வேலையைச் செய்யாததால் கெட்ட டியூப்கள் அநேகம்.

டியூபுக்குள் ஊற்றும் அடைப்புத் திரவத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். மெல்ல ஓடும் வயல் வண்டிக்கு முள் துவாரத்தை அது அடைக்கும். நசுங்கல் கிழிசலையும், வால்வுக் கிழிசலையும் அடைக்காது. பின்னர் அந்த டியூபில் ஒட்டுப் பிடிப்பதும் கஷ்டம்.

பிரெஞ்சு தேசத்திலிருந்து வந்த பழைய மோட்டார் வைத்திருப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. சிட்ரோயன் முதலிய சில வண்டிகளின் ரிம் அங்குலக் கணக்கில் இல்லாமல் 400 மில்லிமீட்டர் என்ற அளவில் இருக்கும். 16 அங்குலமென்பது 406 மில்லிமீட்டர். பார்வைக்கு ஒன்றாய்த் தோன்றும் இவ்விரண்டையும் கலந்து மாட்டினால் டயர் ரிம்மில் இறுகாது. டியூப் கெடுவது ஒருபுறமிருக்க, ஓடும்போதே கழன்றுபோகவும் கூடும்.

வளைய ரிம்மின் அபாயம்

இதுவரை சொன்னவற்றில் தவறினால் பணந்தான் போகும். இனிச் சொல்வதில் தவறினால் உயிர் போகும்.

பழைய லாரிகளிலும் டிரெய்லர்களிலும் ரிம்மின் ஒரு பக்கம் தனி இரும்பு வளையத்தால் பூட்டப்பட்டிருக்கும். யுத்த காலத்து ராணுவ ஜீப்புகள் பலவற்றில் ரிம் இரு பாதியாகச் செய்து போல்ட்டுகளால் இணைக்கப்பட்டிருக்கும். இவற்றைத் தொடுமுன் வால்வு ஊசியையே கழற்றி எடுத்து, காற்று முழுவதும் வெளியேறிற்றென்று ஒரு கம்பியை நுழைத்துப் பார்த்து நிச்சயித்துக்கொள்ளவேண்டும். ஜீப்பில் சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் நட்டுகள் வேறு, ரிம்மின் பாதிகளைப் பிணைக்கும் நட்டுகள் வேறு. காற்றிருக்கும்போது பின்னதைத் திருகினால் இரும்பு பீரங்கிக் குண்டுபோல் பாயும். 100 பவுண்டு காற்றடித்த லாரி டயரில் 10 சதுர அங்குல இடத்தின்மேல் மட்டும் 1000 பவுண்டு, அதாவது சுமார் 450 கிலோ பாரம் தள்ளிக்கொண்டு நிற்கிறதென்பதை எண்ணிப் பார்க்கலாம். இவ்வகை விபத்துக்களின் காரணமாக அமெரிக்க அரசாங்கத்தார் 1980-இல் தனி விதியே ஏற்படுத்தி, தொழிலாளிகள் பயிற்சி பெற்றிருக்கவேண்டும், இரும்புக் கூட்டுக்குள் வைத்தே காற்றடிக்கவேண்டும் என்று கட்டளையிட்டனர். நம் கடைகளில் கூடு இல்லாவிட்டால், சக்கரத்தை உறுதியான சங்கிலியால் சுற்றிக் கட்டி, நீண்ட குழாயால், வளையத்துக்கு நேரே நில்லாமல் பக்கத்தில் விலகி நின்று காற்றடிப்பது குறைந்தபட்ச ஜாக்கிரதை. துருப்பிடித்த வளையத்தையும், வளைந்ததைத் தட்டி நிமிர்த்திய வளையத்தையும் மீண்டும் உபயோகிக்கவே கூடாது. கடைக்கு வேலை கற்கவந்த சிறுவர்களை இவ்வேலையில் விடுவதை வண்டிக்குடையவர் அனுமதிக்கலாகாது.

கிராமாதிகாரிகளின் கவனத்துக்கு

2021-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தப்படி, முதற் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல அமைப்பு மாறாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை ‘விண்டேஜ்’ வண்டியாகப் பதிந்துகொள்ளலாம். அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் கொண்டுபோகலாம். அன்றாட உபயோகத்துக்கும் வியாபாரத்துக்கும் கூடாது. விதை மூட்டை ஏற்றும் ஜீப்பை அப்பெயரில் பதியவிரும்புவோர்க்கு இதனை முன்னதாகவே எடுத்துச் சொல்லவேண்டும்.

பாதையைப் பற்றியும் கொம்யூன் பஞ்சாயத்துக்கள் கவனிக்கலாம். வேலிக்காத்தானை வெட்டும் ஒப்பந்தக்காரர் மரத்தை ஏற்றிக்கொண்டு, முள் கிளைகளை வண்டிப் பாதையிலேயே விட்டுப்போகிறார். அவற்றை அப்புறப்படுத்தினால்தான் பணம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். லாடம் கட்டும் இடத்தில் பழைய ஆணிகளைப் போட ஒரு தகர டப்பா வைக்கச் சொல்லலாம். போகியன்று தெருவில் பழைய டயர்களை எரிப்பதால் புகை மட்டுமன்று, எரிந்தபின் சாம்பலோடு மயிரிழை போன்ற எஃகுக் கம்பிகளும் கிடக்கின்றன. இவை துணித் தேய்ப்புக்கும் எளிதில் அகப்படாமல் டயருக்குள் புதைந்திருந்து, தை மாத அறுவடை முடியுமட்டும் வண்டிகளை வழியில் நிறுத்துகின்றன. எரித்த இடத்தை மறுநாளே பெருக்கி, அதன்மேல் ஒரு காந்தக் கட்டையைக் கயிற்றில் கட்டி இழுத்துவந்தால், எவ்வளவு கம்பி சேர்கிறதென்று ஊரார் கண்ணாரக் காணலாம்.